ஆகஸ்டில் பழ மரத்துக்கு எது: மூட்டை உரமா, கோழி எருவா, மூடாக்கா?

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த கையோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்துத் தமிழ் வீடுகளில் பேச்சு தோட்டத்துப் பக்கம் திரும்பிவிடும். எலுமிச்சை மஞ்சளாக நிற்கிறது, லிச்சி போன வருஷம் பூக்கவே இல்லை, மாமரம் பூத்ததெல்லாம் கொட்டிவிட்டது, என்ன போடலாம்? கடைக்குப் போனால் 2:3:2, 3:1:5 என்று மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. பக்கியில் (சின்ன லாரியில்) கோழி எரு கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், விழுந்த இலையை மரத்தடியில் மூடாக்காகத் தள்ளிவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மழையை எதிர்பார்த்திருக்கும் ஊரில் பிறந்த பழமொழி. இங்கே ஆடி என்றால் குளிர்காலத்தின் வால். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில். ஆகஸ்டில் மண் காய்ந்து கிடக்கும். நடுநடுவே மலைப்பக்கத்திலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கி, மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டுப் போகும். நீங்கள் போடுவது எதுவானாலும், தண்ணீர் ஊற்றாவிட்டால் அது மண்மேலேயே கிடக்கும்.

அதனால் என் கட்சி இது: எந்த உரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மரம், தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முதலில் எதைப் பார்ப்பது

மரம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டில் எல்லா மரமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எலுமிச்சையும் ஆரஞ்சும் நார்ட்ஜீயும் (கமலா ஆரஞ்சு வகை) வசந்தத் துளிருக்கும் பூவுக்கும் தயாராகின்றன; அவற்றுக்குச் சாப்பாடு இப்போது வேண்டும். மாவும் லிச்சியும் பூவெடுக்கும் கட்டத்தில் நிற்கின்றன. இந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) கொட்டினால் பூவுக்குப் பதில் இலை வரும். அவகாடோ பழைய இலையை உதிர்த்துக்கொண்டே பூக்கத் தொடங்கும். உள்நாட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பீச்சும் பிளம்மும் வெறும் குச்சியாக நின்று, மொட்டு உப்ப ஆரம்பித்திருக்கும்.

தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறையாவது ஆழமாக ஊற்ற முடியும் என்றால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. முடியாது என்றால் மூட்டை உரமும் பச்சைக் கோழி எருவும் பட்டியலிலிருந்து போய்விடும். காய்ந்த மண்ணில் உப்புச் செறிவு ஏறி, வேர் நுனி கருகும்.

மண். டர்பன் பெரியா மேட்டிலிருந்து கரையோரமாக நீளும் சிவப்பு மணல், சல்லடை மாதிரி. ஊற்றுவதெல்லாம் கீழே போய்விடும், சத்தும் கூடவே போகும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து ஷேல் பாறைக் களிமண் சத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் தண்ணீர் தேங்கும். மழை அதிகமான இடம் என்பதால் பெரும்பாலும் இரண்டுமே புளிப்பு மண். சரிவில் வீடு கட்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை, மேல்மண் நிற்பதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனையோ கொல்லைகளின் மேல்மண் சாலைக்கு வந்துவிட்டது. அங்கே அடியில் கிடக்கும் வெளிறிய மண்ணுக்கு உரத்தைவிட முதலில் ஒரு போர்வைதான் வேண்டும்.

மொத்தச் செலவு. மூட்டையின் விலையோடு கணக்கு முடிவதில்லை. தண்ணீர் பில், பக்கி வாடகை, களை பிடுங்கும் கூலி, பக்கத்து வீட்டாரின் முகம், எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

## மூட்டை உரம்

முதலில் மூட்டைமேல் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டு யூடியூப் காணொளியில் 17:17:17 என்று சொன்னால் அது சதவீதம். தென்னாப்பிரிக்க மூட்டையில் 3:1:5 என்பது விகிதம். மொத்தச் சத்து எவ்வளவு என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். 3:1:5 (26) என்றால், 26 சதவீதத்தை ஒன்பது பங்காக்கிப் பிரிக்க வேண்டும்: தழைச்சத்து சுமார் 8.7, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 2.9, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 14.4 சதவீதம். 2:3:2 (22) என்றால் 6.3, 9.4, 6.3. எல்.ஏ.என். (28), அதாவது சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட், தழைச்சத்து மட்டும். அதாவது ஒரு கிலோ எல்.ஏ.என்.னில் இருக்கும் தழைச்சத்துக்கு 3:1:5 மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளியில் சொல்லும் அளவை இங்கே அப்படியே போடுபவர்கள் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பது நல்லது.

காய்க்கிற மரத்துக்கு 3:1:5 பொருத்தம். 2:3:2 புதுச்செடி நடும்போது வேர் பிடிக்கப் போடுவது. வருஷா வருஷம் அதையே பெரிய மரத்துக்குப் போட்டால் மணிச்சத்து மண்ணில் குவிந்து, துத்தநாகத்தையும் இரும்பையும் மரத்துக்கு எட்டாமல் செய்யும். கடைக்காரர் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் 2:3:2 தான் என்பது வேறு விஷயம்.

இதன் பலம் வேகம். ஆகஸ்ட் மண் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால் எருவை உடைக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். குருணை உரமோ தண்ணீர் பட்டதும் கரையும். செப்டம்பர் பூவுக்குள் எலுமிச்சைக்குத் தழைச்சத்து போய்ச் சேர வேண்டுமென்றால் இதுதான் குறுக்கு வழி.

போடும் முறை: முதல் நாள் மண்ணை நனைத்துவிடுங்கள். மறுநாள் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி ஆரம்பித்து, கிளை நுனி நிழல் விழும் இடத்தைக் கொஞ்சம் தாண்டிவரை, ஒரு சதுர மீட்டருக்கு 30 முதல் 60 கிராம் என்று தூவி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். சிவப்பு மணலில் இதையே பாதி பாதியாக, மாதம் ஒன்று இடைவெளி விட்டு இரண்டு தடவையாகப் போட வேண்டும். அடிமரத்தைச் சுற்றிக் குவித்து வைப்பது வீண். அங்கே சத்தை உறிஞ்சும் வேரே கிடையாது, பட்டைதான் வேகும்.

மறைந்திருக்கும் செலவு: தென்னாப்பிரிக்கா உரத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, சாம்பல் சத்து முழுக்க வெளியிலிருந்துதான். ரேண்ட் சரிந்தால் மூட்டை விலை ஏறும். அதோடு அம்மோனியம் உரம் வருஷக்கணக்கில் மண்ணை மேலும் புளிக்க வைக்கும், அப்புறம் சுண்ணாம்புக்குச் செலவு. மண்ணின் கட்டமைப்புக்கு இது எதுவும் செய்வதில்லை.

## கோழி எரு

கேட்டோ ரிட்ஜ், ஹாமர்ஸ்டேல் பக்கம் கோழிப் பண்ணைகள் நிறைய இருப்பதால் இங்கே கோழி எரு சுலபமாகக் கிடைக்கிறது. உலர்ந்த கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். மாட்டு எருவைவிட இரண்டு மூன்று மடங்கு. வேகத்திலும் இது மூட்டை உரத்துக்கும் மட்கிய எருவுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆனால் பச்சையாக, சூடு ஆறாமல் வந்து இறங்கும் எருவை நான் பழ மரத்துப் பக்கமே விடமாட்டேன். அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கிறதென்றால் அது இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் போகிறது, மிச்சம் வேரைச் சுடும். ஒரு மூலையில் குவித்து, நனைத்து, மூடி, நடுவில் ஒன்றிரண்டு தடவை புரட்டி, இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். ஆகஸ்டில் போடுவதற்கு மே மாதமே வாங்கியிருக்க வேண்டும் என்று ஆகிறது. இப்போது வாங்கினால் அது கோடைக்கு, அதாவது லிச்சி அறுவடைக்குப் பிந்தைய உணவுக்கு உதவும்.

குருணையாக்கி விற்கும் கோழி எருவில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். நாய் வளர்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: குருணையையும் எலும்புத் தூளையும் நாய் தின்னும். தூவியதும் மண்ணைக் கிளறி மூடி, தண்ணீர் விட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் அக்கம்பக்கம்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு பக்கி கோழி எரு இறங்கினால் ஈ எல்லோருக்கும் சொந்தம். அடுத்த வீட்டு அக்கா துணி காயப்போட வரும்போது ஜன்னலைப் பார்த்து, "என்ன தம்பி, பண்ணை வைக்கிறீங்களா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். டோங்காட், வெருலம் பக்கம் இடம் விஸ்தாரமான கொல்லைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர்களுக்குக் கோழி எரு உண்மையிலேயே லாபம்.

## மாட்டு எருவும் கம்போஸ்ட்டும்

கிரால் எரு என்று மூட்டையில் விற்பது உலர்ந்த மாட்டுச் சாணம். தழைச்சத்து ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான். அதிலும் முதல் வருஷம் மரத்துக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. உணவு என்று பார்த்தால் சொற்பம், மண்ணுக்கு மருந்து என்று பார்த்தால் தாராளம். சிவப்பு மணலில் ஈரம் தங்க வேண்டுமென்றால் இது போல வேறில்லை.

இதில் இரண்டு விஷயம் உஷார். ஒன்று களை விதை. கோரை வந்துவிட்டால் பேரன் காலம்வரை பிடுங்க வேண்டியதுதான். இன்னொன்று, புல்வெளியில் அகன்ற இலைக் களையைக் கொல்ல அடிக்கும் சில மருந்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்தும் சாணத்தில் சாகாமல் இருக்கும். சோதிப்பது எளிது: எருவை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் நான்கு அவரை விதை ஊன்றுங்கள், வெறும் மண்ணில் நான்கு. இரண்டு மூன்று வாரத்தில் எருத்தொட்டிச் செடியின் புது இலை கிண்ணம்போல் உள்பக்கம் சுருண்டு, நரம்பு நெருங்கி நின்றால் அந்த எரு தோட்டத்துக்கு வேண்டாம்.

## மூடாக்கு

நம் வீடுகளில் கொல்லை என்றால் பெருக்கிப் பளிச்சென்று இருக்க வேண்டும். ஆயா காலையில் எழுந்து மரத்தடியை விளக்குமாறால் வரிவரியாகப் பெருக்கி, இலையெல்லாம் நீலப் பையில் கட்டி வாசலில் வைத்துவிடுவார். பார்க்க லட்சணம்தான். ஆனால் மரம் தன் வேருக்காகப் போட்ட போர்வையைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அதே மரத்துக்குக் கடையில் உரம் வாங்குகிறோம்.

மூடாக்கு என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வருஷக்கணக்காக இலை குவிந்து கிடக்கும் அவகாடோ மரத்தடிக்குப் போங்கள். மேலே காய்ந்த இலையை விரலால் ஒதுக்குங்கள், அடுத்து பாதி மட்கிய கறுப்பு அடுக்கு, அதையும் லேசாக விலக்குங்கள். மண்ணுக்குள் போகாமல், மண்ணும் இலையும் சேரும் அந்த இடத்திலேயே வெளிர் நிறத்தில் நூல் நூலாக வேர் ஓடும். அவகாடோ சாப்பிடுவது அங்கேதான். பெருக்கிய தரையில் அந்த வேர் பெர்க் காற்றில் ஒரே மத்தியானத்தில் காய்ந்துபோகும். அவகாடோவை இங்கே அதிகம் கொல்வது வேர் அழுகல். தண்டில் ஊசி போட்டு அதைக் கட்டுப்படுத்தும் முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. ஆனால் ஊசிக்கு முந்தைய வைத்தியம் இந்தக் கரடுமுரடான இலைப் போர்வை. அதில் பெருகும் நல்ல நுண்ணுயிர்கள் அழுகல் கிருமியை அடக்கி வைக்கின்றன.

எதைப் போடுவது? சொந்த மரத்து இலை முதல் தரம். மரச்சில்லும் சரிதான். மண்ணில் புதைக்காமல் மேலே கிடந்தால் தழைச்சத்தைத் திருடாது. கரும்புத் தோகை அருமையானது, ஆனால் கிடைப்பது கஷ்டம். டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் பெரும்பாலான கரும்பு வயல்களை எரித்துவிட்டுத்தான் வெட்டுகிறார்கள், அதனால்தான் கொடியில் காயும் வேட்டிமேல் கரித்தூள் விழுகிறது. எரிக்காமல் வெட்டும் வயல்காரர் யாராவது தெரிந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் கனம். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. போடுவதற்கு முன் மண்ணை நன்றாக நனைப்பது முக்கியம்; காய்ந்த மண்ணை மூடினால் முதல் தூறல் மழையெல்லாம் மூடாக்கிலேயே நின்றுவிடும், வேருக்குச் சொட்டும் போகாது. வெட்டிய புல்லைக் கனமாகப் போட்டால் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மெல்லிசாகத் தூவுங்கள். வீட்டுப் பின்கதவுக்கு அருகில் பெரிய குவியல் வேண்டாம், பாம்புக்கு அது சத்திரம்.

உள்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. பனி உறையும் இரவுகளில் வெறும் ஈரமண் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மரத்துக்குத் திருப்பித் தரும். மூடாக்கு அதைத் தடுத்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளமான பகுதிகளில் இளம் எலுமிச்சையும் மாவும் வைத்திருப்பவர்கள் பனி முடிந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில் மூடாக்குப் போடுவது நல்லது.

## சுண்ணாம்பும் சாம்பலும்

இவை உணவு அல்ல, மண்ணின் புளிப்பைக் குறைப்பவை. டோலமைட் சுண்ணாம்பில் மக்னீசியமும் இருப்பதால் நம் கரையோர மண்ணுக்குப் பொருத்தம். வேலை செய்ய மாதக்கணக்காகும்; மழைக்கு முன் ஆகஸ்டில் போட்டுவைப்பது சரியான நேரம். ஆனால் மண்ணைச் சோதிக்காமல் போடாதீர்கள், தேவைக்கு மேல் போனால் இரும்பும் துத்தநாகமும் பூட்டிக்கொள்ளும். ஹில்டனுக்கு அருகே சீடாராவில் மாகாண விவசாயத் துறையின் மண் ஆய்வகம் இருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோமில் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் உர ஆலோசனைச் சேவையும் உண்டு. உரம் போடுவதற்கு முன், கிளை நுனிக்குக் கீழே பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து கொடுங்கள்.

கூழ் காய்ச்சிய அடுப்புச் சாம்பல் வீணாக வேண்டாம். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் அதில் உண்டு. சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, வருஷத்துக்கு ஒருமுறை. எரித்தது வெறும் விறகாக இருக்க வேண்டும். மருந்தேற்றிய பச்சை நிற வேலிக்கம்பை எரித்த சாம்பலில் ஆர்சனிக் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பலன் தெரிய | தண்ணீர் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மூட்டை உரம் | சில வாரம் | கட்டாயம் | மண் புளிப்பு, விலையேற்றம் | எலுமிச்சை வகை, பீச், பிளம் |
| மட்கிய கோழி எரு | ஒன்றிரண்டு மாதம் | வேண்டும் | ஈ, வாடை, மணிச்சத்துக் குவிதல் | பெரிய கொல்லை, வாழை, பப்பாளி |
| மாட்டு எரு, கம்போஸ்ட் | ஒரு பருவம் | குறைவு | களை, மருந்து எச்சம் | மணல் மண் |
| மூடாக்கு | ஈரம் உடனே, சத்து மெதுவாக | போடும்போது மட்டும் | பனி, பாம்பு | அவகாடோ, லிச்சி, சரிவு நிலம் |
| சுண்ணாம்பு | பல மாதம் | மழை போதும் | அளவு மீறினால் பூட்டு | சோதனையில் புளிப்பு என்று வந்த மண் |

## மரத்துக்கு மரம் என் தேர்வு

எலுமிச்சை, ஆரஞ்சு, நார்ட்ஜீ: இப்போது 3:1:5, மேலே மூடாக்கு. தயங்க ஒன்றுமில்லை. இலை மஞ்சளாக இருப்பதைப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேர் சோம்பிக் கிடப்பதாலும் மஞ்சளிக்கும், செப்டம்பரில் தானே பச்சையாகும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் புது இலை மஞ்சளானால் அது துத்தநாகம், மாங்கனீசு, இரும்புக் குறை. இலைவழி நுண்ணூட்டம் தெளிப்பதுதான் தீர்வு.

மா: ஒன்றும் போடாதீர்கள். பூ கொட்டுவதற்குப் பட்டினி காரணம் என்று நினைப்பவர்கள் பூங்கொத்தை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்கட்டும். வெள்ளை மாவு பூசியதுபோல் இருந்தால் அது சாம்பல் நோய், கறுத்து வாடியிருந்தால் வேறு பூஞ்சை. எந்த உர மூட்டையும் அதைத் தீர்க்காது. பிஞ்சு நின்ற பிறகு கொஞ்சம், அறுவடைக்குப் பிறகு மிச்சம். அதிலும் குரங்குக்குப் போக மிஞ்சுவதுதான் நமக்கு.

லிச்சி: 1870-களில் மொரீஷியஸிலிருந்து நட்டாலுக்கு வந்த மரம், இன்றும் இங்கே அதிகம் இருப்பது மொரீஷியஸ் வகைதான். பூக்க இதற்குக் குளிரும் வறட்சியும் கொஞ்சம் பட்டினியும் வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்துச் செல்லமாக வளர்த்த லிச்சிதான் இலையாகத் தள்ளிவிட்டுப் பூக்காமல் நிற்கிறது. பூங்கொத்து தெளிவாக வெளியே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். வந்த பிறகு முதலில் தண்ணீர், காய் பிடித்த பிறகு உரம். முக்கியமான சாப்பாடு ஜனவரி அறுவடைக்குப் பிறகு.

அவகாடோ: மூடாக்கு மட்டும். பூக்கும் நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் புதுத்துளிர் பிஞ்சோடு போட்டி போட்டு அதை உதிர்த்துவிடும். மரத்தடியைக் கொத்தவே வேண்டாம்.

பீச், பிளம்: மொட்டு உப்பும்போது 3:1:5, பனி போனதும் மூடாக்கு. வாழை, பப்பாளி: மண் சூடாகட்டும், செப்டம்பர் கடைசியில் மட்கிய கோழி எரு. கொய்யாவுக்கு எதைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் காய்க்கும்.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது, எல்லா மரமும் கலந்து நிற்கிறது என்றால், சின்ன 3:1:5 மூட்டை ஒன்று வாங்கி எலுமிச்சைக்கு மட்டும் போடுங்கள். மற்ற மரங்களுக்குக் கொல்லை இலையே மூடாக்கு. தண்ணீரும் கிடையாது என்றால் எதையும் வாங்காதீர்கள். மூடாக்கை மட்டும் தயாராகக் குவித்து வைத்து, முதல் நல்ல மழை மண்ணில் இறங்கிய மறுநாள் பரப்புங்கள், மூட்டையை அதற்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு போடுபவர்கள் அதையும் எல்.ஏ.என்., கோழி எரு இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நடுவில் நல்ல ஈரத்தோடு நான்கைந்து வாரம் போகட்டும். எலுமிச்சைக்கு இந்த ஆகஸ்டில் உரம் முந்தட்டும், சுண்ணாம்பு அக்டோபர் மழையோடு போகட்டும்.